பாலத்தோடு திரும்பியவர்கள்

உங்கள் வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார். "என்னை எங்க அம்மாவோட புதைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். அந்த அம்மாவை எங்கே புதைத்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

நோரீன் சனிக்கிழமை காலையில் நூலகத்துக்குக் கிளம்பினாள்.

மர்ட்டி மாமா வியாழக்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நோரீனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது அந்த ஒன்றுதான். அவளும் சரி மாமா என்று சொல்லிவிட்டாள். அது ஒன்றும் பெரிய காரியமாக அப்போது தெரியவில்லை. மாமாவின் ஊரான ட்ரம்கீலில், கல்லறைத் தோட்டத்தில் லிஹேன் குடும்பத்துக்கென்று குழியிருக்கிறது, கல் இருக்கிறது. மாமாவின் அம்மா ஹானாவும் அங்கேதான் இருப்பாள் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு பாட்ஸி அந்தக் கல்லின் முன்னால் நின்று தலையைச் சொறிந்தான். நோரீனும் அவள் அம்மா பெக்கியும் பக்கத்தில் நின்றார்கள். ஊரில் யார் செத்தாலும் குழி வெட்டுகிறவன் அவன்தான். கல்லில் இரண்டே பெயர். மர்ட்டியின் அப்பா. அவருடைய இரண்டாம் மனைவி, நோரீனின் பாட்டி.

"உங்க பாட்டிக்கு நான்தான் வெட்டினேன்" என்றான் பாட்ஸி. "உள்ள ஒரு பெட்டிதான் இருந்துச்சு. உங்க தாத்தா பெட்டி. வேற யாரும் இல்ல நோரீன்."

ஹானா சாகும்போது மர்ட்டிக்கு மூன்று வயசு. எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஹானாவைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

திங்கட்கிழமை அடக்கம். ஆனால் இந்தப் பக்கத்தில் திங்கட்கிழமை குழிக்குப் புதிதாக மண் எடுக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையே ஒரு வெட்டு புல்மண்ணையாவது பெயர்த்துப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்தில் இன்னொரு சாவு விழும் என்பார்கள். இதையெல்லாம் நம்பாதவர்களும் ஞாயிற்றுக்கிழமை போய் வெட்டிப் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். நூலகம் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அதனால் இருப்பது சனிக்கிழமை மட்டும்தான்.

அம்மா பெக்கி தன் பண்ணை வீட்டுச் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மேஜையில் ஒரு மலை அளவுக்குப் பன்றித்தொடை இறைச்சி. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். முன்கூடத்தில் மர்ட்டி மாமா நல்ல உடுப்பில், கையில் ஜெபமாலையோடு, திறந்த பெட்டியில் படுத்திருந்தார்.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் பெக்கி. "ஊரே இங்க வருது. நீ ஊருக்குப் போறியா?"

"காரிகூன் வரைக்கும்மா. லைப்ரரிக்கு."

"சாவு வீட்டுல புஸ்தகம் வேணுமோ உனக்கு?"

கோப்பை கழுவிக்கொண்டிருந்த பெண்கள் தண்ணீர்க் குழாயைக் குறைத்து வைத்தார்கள். பேச்சு நன்றாகக் கேட்க வேண்டுமே.

"ஹானா எங்க இருக்கான்னு பார்த்துட்டு வந்துடறேன்."

"காலையில ரேடியோ சாவு அறிவிப்புல சொல்லியாச்சு. அடக்கம் ட்ரம்கீல்னு. ஹர்லிகிட்ட நான்தான் எழுதிக் குடுத்தேன். சவப்பெட்டிக்காரன் என்ன, நாளுக்கு ஒரு ஊர் மாத்துவானா?"

"அவர் கேட்டது ட்ரம்கீல் இல்லம்மா. அவங்க அம்மா."

"அங்க எங்க அப்பா இருக்கார். அவனுக்கும் அவர்தான் அப்பா. அது போதும்."

பெக்கிக்கு எழுபத்தாறு. மர்ட்டிக்குத் தங்கை, இரண்டாம் மனைவியின் மகள். மூத்த பிள்ளை மர்ட்டி இருக்க, பண்ணை பெக்கிக்குத்தான் வந்தது. மர்ட்டி பால் லாரி ஓட்டிக்கொண்டு, டவுனில் ஒரு வாடகை அறையில் ஆயுளைக் கழித்தார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. கடைசி ஆறேழு வருஷம் நோரீன் வீட்டில் இருந்தார். நிலத்தைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே கிடையாது. அவருக்கும் சேர்த்து ஊர் திறந்தது.

நோரீன் சாவியை எடுத்துக்கொண்டாள். பின்னாலேயே அவள் தம்பி டெக்லன் வந்தான், கையில் ஒரு பெரிய காகிதச் சுருளோடு. பாஸ்டனிலிருந்து நேற்று வந்து இறங்கியவன். இன்னும் சரியாகத் தூங்கவில்லை.

"நானும் வரேன். ஆனா நீயே ஓட்டு. நேத்து ஏர்போர்ட்லேர்ந்து வரும்போது ரெண்டு தடவை வலது பக்கம் போயிட்டேன்."

"பாவம், எதிர்ல வந்தவன்."

"அவன் என்னைப் பார்த்துக் கையாட்டினான் நோரீன். ஏதோ ஒரு விரல்ல."

நோரீனுக்கு இரண்டு நாள் கழித்து அப்போதுதான் சிரிப்பு வந்தது.

*

காரிகூன் நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுப் பகுதி மாடியில். யூனா என்ற பெண்மணி பார்த்துக்கொள்கிறாள். பழைய பத்திரிகைகளையெல்லாம் ஃபிலிம் சுருளில் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதைப் பெரிதாக்கிக் காட்டுகிற மெஷின் ஒன்றே ஒன்று. அதன் முன்னால் ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரி பச்சைத் தொப்பி.

"மூடற வரைக்கும் அவங்க பேர்ல எழுதியிருக்கு" என்று யூனா தாழ்ந்த குரலில் சொன்னாள். "சனிக்கிழமை ரெண்டு மணிக்கு மூடிடுவோம். முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா..."

"முன்னாடியே செத்திருந்தா சொல்லியிருப்போம்" என்றான் டெக்லன்.

நோரீன் நேராக அந்தத் தம்பதியிடம் போனாள்.

"நீங்க யாரைத் தேடறீங்க?"

"என் கொள்ளுத்தாத்தாவோட அப்பாவை" என்றார் பச்சைத் தொப்பிக்காரர், ஆசையாக. "இங்கேர்ந்து கப்பல் ஏறினவர்."

"அவர் போய் நூத்தம்பது வருஷம் ஆகியிருக்கும். எங்க ஆள் இன்னும் வீட்டுக் கூடத்துல படுத்திருக்கார். எங்க புதைக்கறதுன்னு தெரியல."

அந்த அம்மாள் "ஓ" என்று எழுந்துவிட்டாள். கணவரையும் சட்டையைப் பிடித்து எழுப்பினாள். எழுந்ததோடு போகவில்லை. இரண்டு பேரும் பின்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். இவ்வளவு தூரம் செலவு பண்ணிக்கொண்டு வந்ததற்கு இன்றைக்குத்தான் ஒரு உருப்படியான சாவு கிடைத்தது என்பது போல.

டெக்லன் தன் சுருளை மேஜைமேல் விரித்தான். குடும்ப மரம். பாஸ்டனில் பனிக்காலம் பூராவும் கணினி முன்னால் உட்கார்ந்து தயாரித்தது. எல்லாப் பெயரும் கட்டம் கட்டி அழகாக இருந்தது. ஹானாவின் கட்டத்தில், பிறந்த வீடு டூமி, கல்யாணம் கில்பரா கோயில், இறப்பு 1943 பிப்ரவரி, நிமோனியா. அடக்கம்: ட்ரம்கீல்.

"இந்த ட்ரம்கீல் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டாள் யூனா.

"புருஷன் அங்கதானே இருக்கார்?"

"அது சரி. ஆனா இதை எங்க பார்த்து எழுதினீங்க?"

டெக்லன் தன் மரத்தைப் பார்த்தான். "எங்கயும் பார்க்கல" என்றான். "நானா போட்டேன். கட்டம் காலியா இருந்துச்சு."

யூனா ட்ரம்கீல் கல்லறைக் கற்களைப் பற்றிய புத்தகத்தை எடுத்து வந்தாள். உள்ளூர் ஆட்கள் ஒரு கோடைகாலம் முழுவதும் கல் கல்லாகப் போய்ப் பாசியைச் சுரண்டிப் படித்து எழுதியது. அதில் ஹானா இல்லை. பிறகு 1943 பிப்ரவரி சுருளை மாட்டினாள். போர்க்காலம், காகிதத் தட்டுப்பாடு, பத்திரிகையே நாலு பக்கம்தான். மரண அறிவிப்புப் பத்தியில் லிஹேன் என்று ஒருவரும் இல்லை. அடுத்த வாரமும் இல்லை.

"காசு குடுத்துத்தான் போடணும்" என்றாள் யூனா. "அந்தக் காலத்துல கடைக்காரங்களும் சாமியாருங்களும்தான் போடுவாங்க."

டெக்லன் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "நோரீன், நான் ஒண்ணு சொல்லட்டா? ட்ரம்கீல்லயே வெச்சிடுவோம். எங்கயாவது ஒரு மூலையில கல்லு இல்லாம ஹானாவும் அங்க இருப்பா. அம்மாவுக்கும் நிம்மதி. செத்தவருக்கு என்ன தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்?"

"நான் சரின்னு சொன்னது தெரியும்."

மெஷின் திரையில் பக்கம் அப்படியே நின்றிருந்தது. நோரீன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில், ஊர் ஊராகப் பெயர் போட்டு, நாலு நாலு வரிச் செய்திகள். யார் டப்ளினிலிருந்து வந்து போனார், யார் வீட்டுக் கன்றுக்குட்டி பரிசு வாங்கியது, சீட்டாட்டத்தில் வான்கோழி ஜெயித்தது யார்.

"இதெல்லாம் யார் எழுதினது?"

"ஊருக்கு ஒரு ஆள். வாத்தியாரோ தபாலாபீஸ் அம்மாவோ. இதுக்குக் காசு கிடையாது. கண்ணுல பட்டதை எழுதி அனுப்புவாங்க."

"ட்ரம்கீல் இருக்கா?"

இருந்தது. சீட்டாட்டம் மட்டும்.

நோரீனுக்கு டெக்லனின் கட்டம் ஞாபகத்துக்கு வந்தது. கல்யாணம் கில்பரா கோயில். கல்யாணம் பெண் வீட்டு ஊரில் நடக்கும். பெண்ணின் ஊர் கில்பரா. மலைக்கு அந்தப் பக்கம். நாலைந்து வருஷம்தான் குடித்தனம். இளம் வயசில், சின்னப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனவள். அந்தக் காலத்தில் அண்ணன் தம்பிகள் இருக்கிற வீட்டில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கள் பெண்ணை எங்களிடம் கொடுங்கள் என்று பிறந்த வீட்டார் கேட்டால், கொடுத்துவிட வேண்டும். கேட்டும் கொடுக்காமல், வழியில் கைகலந்து பெட்டி கீழே விழுந்த கதையெல்லாம் இந்த மலைப்பக்கத்தில் உண்டு. இப்போது யாரும் செய்வதில்லை. புருஷன் பக்கத்தில் பெண்டாட்டி என்று ஆகிவிட்டது. டெக்லனும் அதனால்தான் போட்டான், தானும் அதனால்தான் நம்பினோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"கில்பரா குறிப்பு இருக்கா?" என்றாள்.

யூனா தேடினாள். "அந்த ஊருக்கு அந்த வருஷம் ஆளே இல்ல போலிருக்கு. ஒரு வாரமும் வரல."

பின்னாலிருந்து பச்சைத் தொப்பி "ச்சே" என்றது.

நோரீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். தினம் காலையும் மாலையும் அந்த மலையைச் சுற்றித்தான் போகிறாள். பிப்ரவரி மாசம் பனியில் மலைமேல் பாதையில் எதுவும் போகாது. அவளே போக மாட்டாள். 1943-ல் பெட்ரோலும் கிடையாது, குதிரை வண்டிதான். அந்தப் பெட்டி ட்ரம்கீலிலிருந்து கில்பராவுக்குப் போயிருந்தால் கீழ் ரோட்டில் சுற்றித்தான் போயிருக்கும். கீழ் ரோட்டில் நடுவில் ஒரே ஒரு ஊர். கடைத்தெருவுக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும்.

"கூம்ரோ" என்றாள். "கூம்ரோ பாருங்க. வழியில போற சாவை அங்க யாராவது பார்த்திருப்பாங்க."

யூனா சுருளைத் திருப்பினாள். கூம்ரோ இருந்தது. திரையில் வந்ததை டெக்லன்தான் உரக்கப் படித்தான்.

"வியாழனன்று பெரியதொரு சவ ஊர்வலம் நம் ஊர் வழியே சென்றது. ட்ரம்கீல் திருமதி ஹானா லிஹேன், டூமி வீட்டுப் பெண், கில்பராவில் தம் பிறந்த வீட்டார் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். கடைகள் கதவடைத்தன. பாலத்திலிருந்து சகோதரர்கள் பெட்டியைத் தோளில் சுமந்தனர். ட்ரம்கீல்காரர்கள் பாலத்தோடு திரும்பினர்."

பின்னால் பச்சைத் தொப்பி அம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

"பாலத்தோடு திரும்பினாங்களா?" என்றான் டெக்லன். "புருஷன் குழி வரைக்கும் போகலையா?"

"அதைத்தான் போட்டிருக்கு" என்றாள் யூனா.

டெக்லன் பேனாவை எடுத்துத் தன் மரத்தில் ட்ரம்கீலை அடித்தான். மேலே கில்பரா என்று எழுதினான். அழகான மரம் அசிங்கமானது. அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

யூனா கில்பரா கல்லறைப் புத்தகத்தையும் எடுத்து வந்தாள். வடக்குச் சுவரோரம், பெயர் வெட்டாத கல், டூமி குடும்பம். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

"டூமி வீட்டுல இப்ப யார் இருக்கான்னு எனக்குத் தெரியாது" என்றாள். "ஆனா குழி அவங்களுது. அவங்க சம்மதிக்காம ஒரு பிடி மண்ணு எடுக்க முடியாது."

*

கில்பரா பெட்ரோல் பங்கில் டூமி வீட்டைக் கேட்டதும் வழி சொல்லிவிட்டார்கள். ஜெர் டூமி கன்றுகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். எழுபது தாண்டின ஆள், ரப்பர் பூட்ஸ், கிழிந்த கம்பளிச் சட்டை. அவர்கள் கேட்டைத் திறப்பதைப் பார்த்தும் வாளியைக் கீழே வைக்கவில்லை.

"எதுவும் வாங்கற மாதிரி இல்ல" என்றார்.

"நாங்க விக்க வரல. நான் நோரீன். ட்ரம்கீல் பெக்கி லிஹேனோட பொண்ணு. மர்ட்டி லிஹேன் தவறிட்டார்."

"ரேடியோவுல கேட்டேன்." அவர் ஒரு கன்றின் மூக்கைத் தள்ளிவிட்டார். "என் அத்தை பிள்ளை."

"உங்களுக்குத் தெரியுமா அவரை?"

"சந்தையில பார்ப்பேன். அவர் தலையை ஆட்டுவார். நான் தலையை ஆட்டுவேன். அம்பது வருஷம் அப்படித்தான்."

"பேசினதே இல்லையா?"

"யார் முதல்ல பேசறது?"

நோரீன் மர்ட்டி மாமா கேட்டதைச் சொன்னாள். கூம்ரோ குறிப்பைச் சொன்னாள். ஜெர் வாளியைக் கீழே வைத்தார்.

"பாலத்தையும் போட்டிருக்கானா பேப்பர்ல?" என்றார். "எங்க அப்பா சாகற வரைக்கும் அதைச் சொல்லிட்டு இருந்தார். பெட்டியைத் தோள் மாத்தினாங்க. பையன் வண்டி முன்னாடி உட்கார்ந்திருக்கான். எங்க அப்பா அவனையும் வாங்கிக்கலாம்னு கையை நீட்டினார். அவனும் தாவ வந்தானாம். உங்க தாத்தா இடுப்பைப் பிடிச்சு இழுத்துக்கிட்டார். வண்டியைத் திருப்பிட்டார். பெட்டி இந்தப் பக்கம் போகுது, பிள்ளை அந்தப் பக்கம் போறான். கூடப்பிறந்தவளை வாங்கினோம், பையனை விட்டுட்டோம்னு எங்க அப்பா குடிச்சா அழுவார். குடிக்காட்டியும் அழுவார்."

டெக்லன் வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏன் திருப்பினார்?" என்றாள் நோரீன். "பெண்டாட்டி அடக்கத்துக்குக்கூடப் போகாம?"

"அதை உங்க அம்மாவைக் கேளு. வீட்டுக்குள்ள நடந்தது எனக்கு என்ன தெரியும்?"

கல்லறைத் தோட்டத்துக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். வடக்குச் சுவரோரம் முழங்கால் உயரத்தில் ஒரு காட்டுக்கல், பெயர் இல்லை, ஒன்றும் இல்லை. சுற்றிலும் புல் மட்டும் வெட்டிச் சுத்தமாக இருந்தது.

"இடம் இருக்கு" என்றார். "அவர் எங்க வீட்டு ரத்தம். வேணாம்னு சொல்ல நான் யாரு? நாளைக்குப் பூசை முடிஞ்சதும் வந்து நானே வெட்டறேன்."

"ரொம்ப நன்றி, ஜெர்."

"இரு. முழுசாக் கேளு. நான் புல்லை வெட்டினேன்னா அந்தக் குழி திறந்தாச்சு. திறந்த குழி வெறுமனே கிடக்கக் கூடாது. அது ஆளைக் கேட்கும். என் வீட்டுக் குழி, என் வீட்டு ஆளைத்தான் கேட்கும். எனக்குப் பேரப் பிள்ளைங்க இருக்கு. கொண்டு வருவேன்னு நிச்சயமாச் சொன்னா வெட்டறேன். உங்க அம்மாவைக் கேட்டுட்டுச் சொல்றேன்னா, இப்பவே வீட்டுக்குப் போயிடலாம்."

டெக்லன் நோரீனைப் பார்த்தான். ஊர் முழுக்க ரேடியோவில் ட்ரம்கீல் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறது. பெட்டி அம்மாவின் வீட்டில் இருக்கிறது.

"கொண்டு வரேன்" என்றாள் நோரீன்.

ஜெர் கையை நீட்டினார். அவள் பிடித்துக் குலுக்கினாள். மாடு விற்று வாங்கும்போது குலுக்குகிற மாதிரியே இருந்தது.

*

திரும்பி வரும்போது டெக்லன் சவப்பெட்டிக்கார ஹர்லிக்குப் போன் போட்டான். அவர் பதறிப்போனார்.

"டெக்லன், தம்பி, எனக்கு எந்த ஊரா இருந்தாலும் ஒண்ணுதான். ஆனா பெக்கிதான் கூடப்பிறந்தவ. அவ வாயால சொல்லட்டும். சாயங்கால அறிவிப்பு ஆறு மணிக்கு. அதுக்குள்ள சொன்னா மாத்திச் சொல்ல வைக்கிறேன்."

வீட்டு வாசல் வரை கார்கள் நின்றிருந்தன. கூடத்தில் வரிசையாக ஆட்கள் வந்து, மர்ட்டியின் நெற்றியைத் தொட்டு, பெக்கியின் கையைக் குலுக்கி, சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் சிரிப்புக்கும் குறைவில்லை. மர்ட்டி ஒரு தடவை பால் லாரியை ஆற்றுக்குள் விட்ட கதையை பாட்ஸி மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நோரீன் அம்மாவைக் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். ஃபிரிட்ஜுக்கும் விறகு மூட்டைக்கும் நடுவே நின்றார்கள்.

"கிடைச்சுதும்மா. ஹானா கில்பராவுல இருக்கா. அவங்க வீட்டு ஆளுங்களோட. ஜெர் டூமி சரின்னுட்டார்."

"யாரைக் கேட்டு டூமி வீட்டுக்குப் போன?"

"மாமா என்னைக் கேட்டார். நான் போனேன்."

"நோரீன், நீ சின்னப் பிள்ளை இல்ல. யோசிச்சுப் பாரு." பெக்கி குரலைத் தாழ்த்தினாள். "நிலத்தை எனக்குக் குடுத்துட்டாங்க, அவனை வாடகை ரூமுக்கு அனுப்பிட்டாங்கன்னு இத்தனை வருஷம் பேசினாங்க. இப்ப செத்தப்புறம் குடும்பக் குழியிலகூட இடம் குடுக்கல, வேத்தூருக்குத் துரத்திட்டாங்கன்னு பேசுவாங்க. கடையில, கோயில்ல, எங்க போனாலும். நான் எப்படி வெளியில தலை காட்டறது?"

"பேசத்தானே போறாங்க. ட்ரம்கீல்ல வெச்சாலும் பேசுவாங்க."

"உனக்கென்ன, நீ டவுன்ல இருக்க. நான்தான் இவங்க நடுவுல இருக்கணும். அவன் என் அண்ணன். எங்க அப்பாகிட்ட அவனைச் சேர்த்துட்டா, எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன். ஒரு கல்லுல அவன் பேரும் இருக்கட்டும். நாளைக்கு என் பேரும் இருக்கட்டும். அவ்வளவுதான் நான் கேட்கறது."

நோரீனுக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அம்மா கேட்பதும் தப்பில்லை. ஆனால் மணிக்கட்டில் அந்த விரல்கள் பிடித்த இடம் இன்னும் அவளுக்குத் தெரிந்தது.

"அவர் அதைக் கேட்கலம்மா. ஆயுசுல எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டார்."

"பாலத்தைத் தாண்டிப் போனவ அவ. போனவளோட எதுக்கு அவனைச் சேர்க்கணும்?"

சொன்ன பிறகுதான் பெக்கிக்கு உறைத்தது. விறகு மூட்டையைப் பார்த்தாள்.

"பாலம்னு நான் சொல்லவே இல்லையே" என்றாள் நோரீன்.

பெக்கி ஏப்ரனில் கையைத் துடைத்தாள். கையில் ஒன்றும் இல்லை.

"அப்போ அவ எங்க இருக்கான்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. நேத்துப் பாட்ஸி அங்க நின்னு தலையைச் சொறியும்போது பக்கத்துலதானே நின்ன. தெரிஞ்சுக்கிட்டே நின்ன."

"எங்க அப்பா எங்கிட்ட ஒரு விஷயம் சொல்லிட்டுப் போனார். அதை நான் யார்கிட்டயும் சொல்லல. உங்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஏன் திரும்பினார்னா?"

பெக்கி ஏப்ரன் முடிச்சை இறுக்கினாள். உள்ளே யாரோ "ஷ்ஷ், ஷ்ஷ்" என்றார்கள். ரேடியோவில் மரண அறிவிப்பு ஆரம்பித்துவிட்டது. பாட்ஸியின் லாரிக் கதை ஆற்றின் நடுவிலேயே நின்றது. சமையலறையில் இருந்த அத்தனை பேரும் கையில் கோப்பையோடு அசையாமல் நின்றார்கள்.

"இன்னும் நேரம் இருக்கு" என்றாள் நோரீன். "ஹர்லிக்கு ஒரு வார்த்தை சொல்லும்மா. நாளைக்குக் காலையில மறுபடியும் சொல்லுவாங்க, அதுல மாத்திடலாம்."

"நீ டூமிகிட்ட வாக்குக் குடுத்துட்டு வந்திருக்க. இல்ல?"

"குடுத்துட்டேன்."

"எங்கிட்டக் கேட்காம."

"உன்கிட்டக் கேட்டிருந்தா?"

பெக்கி மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சிறுபிள்ளையில் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பாளே, அந்த மாதிரி. பிறகு அவளைத் தாண்டிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

"ட்ரம்கீல், மர்ட்டி லிஹேன்" என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. "காரிகூன் டவுனிலும் வசித்தவர். பெக்கியின் அன்புச் சகோதரர். திங்கட்கிழமைப் பூசைக்குப் பின் ட்ரம்கீல் கல்லறைத் தோட்டத்தில் குடும்பக் குழியில் அடக்கம்."

எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பெக்கியும் போட்டுக்கொண்டாள். யாரோ ஒரு பழக் கேக் துண்டை அவள் கையில் திணித்தார்கள். அவள் அதைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு பாட்ஸியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் காதில் ஏதோ சொன்னாள். பாட்ஸி நோரீனை ஒரு தடவை பார்த்தான், பிறகு தரையைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

டெக்லன் அருகில் வந்தான். "என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்போ நாளைக்கு?"

"நாளைக்குக் கில்பரா போறோம். நீ வேணும்னா தூங்கு."

"போடி, நானும் வரேன்" என்றான் டெக்லன்.

மறுநாள் காலை முதல் பூசை முடிந்ததும், கில்பராவில் வடக்குச் சுவரோரம் ஜெர் டூமி பெயர் இல்லாத கல்லுக்கு முன்னால் புல்மண்ணை வெட்டிப் புரட்டிப் போட்டார். நோரீனும் டெக்லனும் பக்கத்தில் நின்றார்கள். அதே நேரத்தில் ட்ரம்கீலில் பாட்ஸி லிஹேன் குடும்பக் குழியில் புல்மண்ணை வெட்டினான். பெக்கி பக்கத்தில் நின்றாள். திறந்த குழி இரண்டு, பெட்டி ஒன்று.